கட்டிலருகே காத்திருக்கும் பசி

தொழுகைக்கூடத் தலைவராகிய யாயிரின் பன்னிரண்டு வயது மகளை ஆண்டவர் இயேசு உயிர்பெற்றெழச் செய்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மறையுரைகளிலும் அப்புதுமையே பெரிதும் பேசப்படும். ஆனால் புனித மாற்கு அதனை முடிக்கும் விதத்தை (மாற் 5:43) நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எல்லோரும் வியப்பினால் மெய்ம்மறந்து நிற்கையில், பிள்ளைக்கு உணவளிக்க வேண்டும் என்பதை ஆண்டவரே நினைவூட்டுகிறார். சாவினின்று எழுப்பியவர் அவளுடைய பசியையும் மறந்தாரில்லை.

இவ்வசனம் சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் அரசாங்க வைத்தியசாலையின் சிறுவர் வாட்டிலேதான் எனக்குப் புதிதாய் விளங்கியது. நோயாளருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தேன். மதிய உணவு வந்தது: சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. காய்ச்சலினால் வாய் கசந்திருந்த சிறுவன் இரண்டு கவளத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாய் கெஞ்சிப் பார்த்தார். பின்னர் தட்டை மூடி வைத்தார்.

“நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“பிள்ளை விடுறதைத்தான் சுவாமி, மூண்டு நாளா.”

நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். அது பெரும் பேறு. ஆயினும் பஸ் கட்டணமும், வெளிக் கடையின் இடியப்பப் பார்சலும் இலவசமல்லவே! தந்தை கூலித்தொழிலாளியாயின், பிள்ளையைப் பார்க்க வரும் நாளில் அவருக்கு வருமானமில்லை. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டவும் ஆளில்லை. தூர மாவட்டங்களிலிருந்து கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு, ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுக்க அந்நகரில் உறவினரும் இருப்பதில்லை. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாய் உயர்ந்திருந்தது. அவ்வேகம் பின்னர் தணிந்தது; ஏறிய விலைகளோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, முட்டை, மீன், கீரை கொடுங்கள் என வைத்தியர் அறிவுறுத்துவார். அவர் கூறுவது சரியே. தாயும் தலையசைப்பார். அத்தலையசைப்பின் பின்னாலுள்ள கணக்கை அவர் எவரிடமும் சொல்வதில்லை; இல்லாமையைவிட அதனை வெளியே சொல்வதே பலருக்குக் கடினம்.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது நாம் வழக்கமாக அப்பிளும் தோடம்பழமும் வாங்கிச் செல்கிறோம். அன்று என் கையிலோ செபமாலையும் சிறு படங்களுமே இருந்தன. அவற்றைக் குறைவாய்ச் சொல்லவில்லை. ஆனால் அத்தாய்க்கு அப்போது வேண்டியது ஒரு சோற்றுப் பார்சல்.

உங்கள் பங்கிலிருந்தும் எவரேனும் சிறுவர் வாட்டுக்குச் செல்லக்கூடும். சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு உப்பைக் குறைத்திருப்பார்கள். வேறு நோய்களுக்கு வேறு பத்தியம். ஆகவே, பொறுப்புத் தாதியிடம் கேளாமல் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கலாகாது. தாய்க்கென்று ஒரு பார்சலும் ஒரு போத்தல் தண்ணீரும் தனியே கொண்டு செல்லுங்கள். பார்வையாளர் நேரத்தில், நாலுபேர் பார்க்க நீட்டாமல், பையோடு கட்டிலருகே வைத்துவிட்டு வந்தாலே போதும்.