உங்க குதிரை திடீர்னு டல்லா இருக்கா? சாட்டையை எடுக்கும் முன் இதைக் கவனிங்க!

போன வாரம் வரை காதை நிமிர்த்திக்கொண்டு பாய்ந்த குதிரை, இன்று இரண்டு ரவுண்டிலேயே தளர்ந்துபோகிறதா? 'சோம்பேறி ஆயிடுச்சு, ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்' என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். காட்டில் வேட்டையாடப்படும் விலங்காக வாழ்ந்த இனம் என்பதால், வலியை முடிந்தவரை வெளியே காட்டாதது குதிரையின் சுபாவம். அது வேகம் குறைப்பதே பெரும்பாலும் முதல் புகார்தான்.

முதல் கேள்வி: எப்போது டல்?

சேணம் கட்டி ஏறினால் மட்டும் டல், லாயத்தில் நார்மலாகச் சாப்பிடுகிறது என்றால் வலியைத் தேடுங்கள். சேணம் சரியாகப் பொருந்தாமல் முதுகை அழுத்தலாம். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுருங்கினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ அங்கே வலி இருக்கலாம். அடுத்து குளம்பு. சமீபத்தில் லாடம் மாற்றினீர்களா? கல் சிக்கியிருக்கிறதா? ஒரு குளம்பு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா?

லாயத்திலும் தலையைத் தொங்கப்போட்டு, தீவனத்தை மிச்சம் வைக்கிறது என்றால் அது உடல்நலப் பிரச்னை. அதற்குச் சில எண்கள் உதவும்.

ஐந்து நிமிட செக்-அப்

* நாடி: தாடைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சகஜம்.
* மூச்சு: ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16.
* வெப்பநிலை: ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஓகே. பின்னால் நிற்காமல், பக்கவாட்டில் நில்லுங்கள்.
* ஈறு: இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த எண்களை எடுத்து மொபைலில் சேமித்துவையுங்கள். ஒப்பிட ஓர் அளவு இருந்தால்தான் மாற்றம் தெரியும்.

வெயிலும் வியர்வையும்

சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, அதனால் குதிரையின் உடல் குளிராது. வியர்வையோடு உப்பும் நிறையப் போய்விடும். சராசரிக் குதிரைக்கே தினமும் 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. வெயிலில் இன்னும் அதிகம். தொட்டி அழுக்காக இருந்தால் குடிப்பதைக் குறைத்துவிடும். சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலைக்குப் பிறகு ரோமம் காய்ந்தே இருக்க, மூக்கு விரிந்து இரைத்தால் சவாரியை நிறுத்திவிட்டு, நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள்.

உள்ளே ஒளிந்திருக்கும் காரணங்கள்

குடற்புழு, கூராகிவிட்ட பற்கள், வயிற்றுப்புண் எல்லாமே தெம்பை உறிஞ்சும். குதிரையின் இரைப்பை இடைவிடாமல் அமிலம் சுரக்கும். அதனால் புல் இல்லாத நீண்ட இடைவெளி ஆகாது. விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் 'சர்ரா' நோயாக இருக்கலாம். அதன் கிருமியை 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்ததே அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில்தான். உண்ணி பரப்பும் காய்ச்சலும் ரத்தசோகையைக் கொண்டுவரும்.

இதை மட்டும் செய்யாதீங்க

'கொள்ளு கொஞ்சம் கூடக் கொடுத்தா தெம்பு வரும்' என்பது ஆபத்தான வைத்தியம். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். தீவனத்தை மாற்ற வேண்டுமானால் ஏழு முதல் பத்து நாள்களில் படிப்படியாக மாற்றுங்கள்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

ஓய்விலும் நாடி 60-ஐத் தாண்டுவது, ஈறு வெளுப்பது அல்லது கறுஞ்சிவப்பாவது, தரையைக் கீறி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது. வேலைக்குப் பிறகு தசை கட்டையாகி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அதை நடக்கவைக்காதீர்கள். நின்ற இடத்துக்கே டாக்டர் வரட்டும்.

ரைடிங் கிளாஸில் வாடகைக் குதிரைதான் என்றாலும், 'இன்னைக்கு இது சரியில்ல, வேற குதிரை கொடுங்க' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகப் பேச நீங்கள்தான் இருக்கிறீர்கள்.