சிங்கப்பூர்க் கல்லும் கர்னல் லோவும்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், இன்று புல்லர்ட்டன் விடுதி நிற்கும் இடத்தை ஒட்டி, முன்னாளில் பெரும்பாறை ஒன்று இருந்தது. ஏறத்தாழப் பத்தடி உயரமுள்ள அப்பாறையில் 50 வரியளவுக்கு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1819இல் ஆங்கிலேயர் கண்ணிற்பட்ட அவ்வெழுத்துகளை எவராலும் படிக்க இயலவில்லை. 1843இல் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் வேண்டி, அரசுப் பொறியாளர் அப்பாறையை வெடிமருந்தால் தகர்த்தார்.

அக்கல்லை விட்டுவைக்குமாறு முன்னரே வேண்டியவர் ஒருவர் உண்டு. அவரே ஜேம்ஸ் லோ. வேண்டுகோள் பலிக்கவில்லை. வெடித்தபின் அவர் ஆற்றைக் கடந்து சென்று, எழுத்துள்ள துண்டுகளைத் தேடி எடுத்தார். அவை பெரும் பாரமாயிருந்தமையால், சீனர் ஒருவரைக் கொண்டு சிறு பலகைகளாகச் செதுக்குவித்து, அவற்றுட் சிலவற்றைக் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். 1848இல் அவை அங்குச் சேர்ந்தன. அவர் கைக்கு எட்டாத துண்டு ஒன்றோ, சிங்கப்பூர்க் கருவூலத்தின் தாழ்வாரத்தில் காவற் சிப்பாய்களுக்கு இருக்கையாகக் கிடந்தது!

யார் இந்த லோ? 1791இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். பினாங்குக்கு வந்து மலாய், சயாம் மொழிகளைக் கற்றார். 1826இல் கும்பினியின் அரசியல் தூதராகப் பேராக் அரசரோடு உடன்படிக்கை செய்தார். 1828இல் சயாம் மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார். தொல்பொருள் ஆராய்ச்சி அவருக்குத் தொழிலன்று, ஆர்வமே. எனினும், 1834இல் செபராங் பிறையில் அவர் கண்ட கல்வெட்டு, ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமியை உலகுக்கு அறிவித்தது. நாம் கடாரம் என வழங்கும் கெடாவின் பழங்கதையையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1852இல் மறைந்தார்.

அவர் காத்த துண்டுகளுள் ஒன்று பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்து மீண்டு, இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் விளங்குகிறது.

தமிழருக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2019இல் அயன் சின்க்ளேர் என்னும் ஆய்வாளர், அக்கல்லின் எழுத்துகளிடையே ‘கேசரிவ’ என்னும் தொடரைக் கண்டதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாகலாம் எனவும் கருதினார். கடாரம் கொண்ட முதலாம் இராசேந்திரனும் பரகேசரியே.

ஆயினும் ‘ஆகலாம்’ என்பதை ‘ஆம்’ என்று ஆசிரியர் மாற்றிவிடலாகாது. கல்லின் எழுத்து தமிழெழுத்தன்று. சாவகத்துக் கவி எழுத்தை ஒத்தது. மொழியும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. முழுக்கல் இருந்திருப்பின் விடை எளிதாயிருக்கும். துண்டுகளும் போயிருப்பின் வினாவே எழுந்திராது. இடையில் நிற்பது ஒரு படைவீரரின் ஆர்வம்.

சிராங்கூன் சாலையின் பழங்கடையிலோ கோயிலிலோ ஒரு பழைய கணக்கேடு, ஒரு பெயர்ப்பலகை குப்பைக்குப் போகுமாயின், மாணவர் அதனைத் தடுத்து எடுத்துவைக்கக் கற்கட்டும். படிப்பவர் பின்னர் வருவர்.