கல்லில் நூற்ற பஞ்சு

உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள்: பகலில் வெயில், இரவில் லாரி ஹாரன். இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டா? ஓரளவு உண்டு. கல் பஞ்சு.

பசால்ட் பாறையைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கி, வேகமாகச் சுழலும் சக்கரங்களின் மேல் ஊற்றினால் இழை இழையாகப் பறக்கும். திருவிழாவில் பஞ்சுமிட்டாய் சுற்றுவது போலத்தான். ஹவாயில் எரிமலைக் குழம்பைக் காற்றே இழையாக்குகிறது. அதற்குப் 'பெலே தேவியின் கூந்தல்' என்று பெயர்.

வெப்பத்தைத் தடுப்பது கல் அல்ல, இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கைத்தான் இந்தப் பஞ்சை அழுத்திச் செய்த பலகை கடத்தும். கரும்புத் தோகை வேய்ந்த கூரையின் குளுமைக்கும் இதே காற்றுதான் காரணம். ஆனால் தோகை தீப்பிடிக்கும், கல் பிடிக்காது.

ஒலி? காற்றின் அதிர்வு இழைகளில் உரசி, துளி வெப்பமாகித் தேய்கிறது. ஹாரனின் கிறீச்சொலி எளிதில் அடங்கும். எஞ்சினின் உறுமல் அடங்காது: 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர். அதற்குக் கனமான சுவரும் வேண்டும். ஜன்னலில் இடுக்கு இருந்தால் போட்ட காசு வீண்.

மொட்டை மாடியில் அப்படியே விரிக்கலாமா? கூடாது. நனைந்தால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடிக்கும். அது காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கூரைக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைப்பதே சரி. வைப்பவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளட்டும். அரிப்பு சாதாரணமாக இருக்காது.