டிராக் கணிதம் படித்த இரண்டு ஆண்டுகள்

இயற்பியலாளர் பால் டிராக் 1921-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலை முதல் வகுப்பில் முடித்தார். போருக்குப் பிந்தைய மந்தத்தில் வேலை கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கொடுக்க முன்வந்த உதவித்தொகை ஆண்டுக்கு 70 பவுண்டு. அதை வைத்து அங்கே காலம் தள்ள முடியாது. பிரிஸ்டல் கணிதத் துறை கட்டணம் வாங்காமல் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1923-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1933-இல் நோபல் பரிசு.

பொறியியலை விட்டு இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ போக நினைக்கும் பிள்ளைகளுக்கு நம்மூரில் இந்தக் கதையை நிறையச் சொல்கிறோம். நடுவில் அவர் கணிதம் படித்த இரண்டு ஆண்டுகளை மட்டும் விட்டுவிடுகிறோம். என் பார்வையில் கதையே அதுதான். பீட்டர் ஃபிரேசர் என்ற ஆசிரியரிடம் வீழ்ப்பு வடிவியல் படித்தபோதுதான் நிறுவல் என்றால் என்ன என்பது டிராக்குக்குப் பிடிபட்டது.

பொறியியல் வீணாகவும் இல்லை. தோராயத்துக்கு அஞ்சாமல் இருக்கப் பழக்கியது அந்தப் படிப்பே என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். உத்தரத்தின் ஒரே புள்ளியில் பாரம் இறங்குவதாகக் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு ஒரே புள்ளியில் குவிந்த டெல்டா சார்பு உறுத்தவில்லை. கணிதர்களுக்கு உறுத்தியது, லோரான் ஷ்வார்ட்ஸ் 1940-களில் அதற்கு முறையான அடித்தளம் போட்டுக் கொடுத்தார்.

டிராக்குக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் பிடிபட்டது நம் மாணவருக்குக் கிடைப்பதில்லை. நம் பி.இ. மாணவருக்குக் கணிதத் தாள்களில் ஃபூரியே தொடரை விரிக்கத் தெரியும். அது ஏன் ஒருங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை. முதுநிலைக் கணிதத்தில் முதல் வாரமே அந்த மாதிரிக் கேள்விகள்தான் வரும். இயற்பியலுக்குப் போகிறவருக்குக் குவாண்டம் இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும் பெரும்பாலும் புதுசு.

ஆனாலும் துறை மாற வாசல்கள் இருக்கின்றன. கேட் தேர்வில் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தனித் தாள்கள் உண்டு. இயற்பியல் ஆய்வுக்கு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. தரமணி கணித அறிவியல் நிறுவனம் அதன் வழியே ஆள் எடுக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் (சி.எம்.ஐ.) தனியே நுழைவுத் தேர்வு வைக்கிறது. யாருக்குத் தகுதி என்பது இடத்துக்கு இடம் மாறும்; அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். பயிற்சி மையத்தில் பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தும் உள்ளே போய்விடலாம். அப்படிப் போனவருக்கு முதல் பருவத்திலேயே மூச்சு முட்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கணிதம் என்றால் ரூடினின் பகுப்பாய்வு நூல், இயற்பியல் என்றால் கிரிஃபித்ஸின் குவாண்டம் நூல். முதல் மூன்று அத்தியாயப் பயிற்சிகளை விடை பார்க்காமல் போடுங்கள். அலுக்கவில்லை என்றால் வீட்டில் பேச்சை எடுங்கள்.