செவிவழிப் புதினம்: ‘உடோல்போவின் மர்மங்கள்’

காப்பியம் கேட்பதற்குரியது, புதினம் தனித்திருந்து கண்ணால் படிப்பதற்குரியது என்னும் பாகுபாடு நம் இலக்கிய வரலாற்று வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. புதினம் அச்சு இயந்திரத்தோடு வளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் அச்சாகி வந்த நூலையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருவழக்காக இருந்தது. நூலின் விலை மிகுதி, இரவல் நூலகத்திலிருந்து வரும் படி ஒன்று, வீட்டிலுள்ளோர் பலர், மாலை விளக்கும் ஒன்றே. அக்காலப் புதினங்களுள் செவிக்கென்றே யாக்கப்பட்டது போல் தோன்றும் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அது ஆன் ராட்கிளிஃப் அம்மையார் (1764–1823) எழுதிய ‘உடோல்போவின் மர்மங்கள்’.

1794-இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த இந்நூலுக்குப் பதிப்பகத்தார் 500 பவுண்டு வழங்கினர். ஒரு புதினத்திற்கு அந்நாளில் இது வியப்பூட்டும் தொகை. ஆசிரியர் இதனை ‘ரொமான்ஸ்’ என்றே குறித்தார். அன்றாட வாழ்வைக் காட்டுவது நாவல் என்றும், சேய்மைக் காலத்தையும் இடத்தையும் வியப்பையும் காட்டுவது ரொமான்ஸ் என்றும் ஆங்கிலேயர் அன்று பிரித்துப் பேசினர். கதை தொடங்கும் ஆண்டு 1584. தொடங்கும் இடம் பிரான்சின் காஸ்கனிப் பகுதி. வரலாற்றுக் கதை என்று பெயரே தவிர, மாந்தரின் பேச்சும் பண்பும் ராட்கிளிஃப் வாழ்ந்த நூற்றாண்டுக்கு உரியனவே. இத்தாலியின் மலைகளைப் பக்கம் பக்கமாக வருணித்த அவர் இத்தாலியைக் கண்டதே இல்லை. ஓவியங்களும் பயண நூல்களுமே அவருக்குத் துணை. பாழடைந்த கோட்டை, மறைவழி, பழங்குற்றம், ஆவி பற்றிய ஐயம் ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட இவ்வகையைக் ‘காத்திக்’ என்பர்.

கதைச் சுருக்கம் நீண்டது. வேண்டிய அளவே கூறுவோம். தாயையும் பின்னர்த் தந்தையையும் இழந்த எமிலி தன் அத்தையின் பொறுப்பில் விடப்படுகிறாள். வாலன்கோர் என்னும் இளைஞனை அவள் விரும்புகிறாள். அத்தையோ மாண்டோனி என்னும் இத்தாலியனை மணக்கிறாள். அவன் இருவரையும் அபினைன் மலையிலுள்ள உடோல்போ கோட்டைக்குக் கொண்டு செல்கிறான். சொத்தை எழுதித் தரும்படி அத்தையை வதைக்கிறான். அவள் இறந்தபின் எமிலியை நெருக்குகிறான்.

இக்கோட்டையில் எமிலி காண்பது குறைவு, கேட்பதே மிகுதி. அவள் படுக்கையறைக்கு ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் உட்புறம் இல்லை. வெளிப்புறப் படிக்கட்டின் பக்கம் இருக்கிறது. நாற்காலியை அதன்மேல் சார்த்தி வைத்துவிட்டு உறங்க முயல்பவளுக்குக் கண் பயன்படாது. காது ஒன்றே காவல். மாண்டோனி தன் நண்பர்களிடம் கோட்டை தனக்கு உரிமையான வரலாற்றைச் சொல்லும்போது, அவன் சொற்களை எங்கிருந்தோ ஒரு குரல் திருப்பிச் சொல்கிறது. நள்ளிரவில் யாரோ பாடுகிறார்கள். பாட்டு அவள் பிறந்த மண்ணின் பாட்டு. வாலன்கோர்தான் சிறைப்பட்டுக் கிடக்கிறான் என்று அவள் நம்புகிறாள். பாடியவன் அவளை ஒருதலையாக விரும்பிய தூபோன் என்னும் வேறொருவன் என்பது பிறகே புலப்படுகிறது. கூடத்தில் ஒலித்த குரலும் சுவருக்குள் இருந்த மறைவழியில் நின்ற அவனுடையதே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ராட்கிளிஃப் அம்மையாரின் முறையை இந்நான்கு கொண்டு அளந்தால் விளக்கம் எளிதாகிறது. அவர் கதையில் அச்சம் அணங்காக வருகிறது, கள்வராக முடிகிறது. லுடோவிகோ என்னும் பணியாள் ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் அறையில் ஓரிரவு தனியே தங்கி, பழைய புரோவான்சுக் கதை ஒன்றைப் படித்திருக்கிறான். விடிந்தால் ஆளைக் காணோம். கதவு உட்புறம் பூட்டியபடியே கிடக்கிறது. உண்மையில் கடற்கொள்ளையர் தம் பொருளை மறைத்து வைப்பதற்காக ஆவிக் கதையைப் பரப்பி, மறைகதவு வழியே அவனைத் தூக்கிச் சென்றுள்ளனர். மாண்டோனியின் கொடுமையோ ‘இறை’ என்னும் நான்காம் களன். அதற்கு மட்டும் எந்த விளக்கமும் அச்சத்தைத் தணிப்பதில்லை. ஆவி பொய், அடக்குமுறை மெய் என்பதே இப்புதினத்தின் உட்கிடை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆவியை இறுதியில் காரணம் காட்டி விலக்குவதை வால்டர் ஸ்காட் குறையாகக் கருதினார். அவரே, இந்நூல் வெளிவந்தபோது பெருங்குடும்பங்களில் தொகுதிகள் கைக்குக் கை பறிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். பறித்துப் படிப்பவன் விளக்கத்தை நோக்கி ஓடுபவன்; அவனுக்கு விளக்கம் ஏமாற்றமாகவே இருக்கும். கேட்பவன் நிலை வேறு. அவனால் பக்கத்தைப் புரட்ட இயலாது. எமிலிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவனுக்கும் தெரியும். அடுத்த ஓசைக்காக அவளோடு சேர்ந்து காத்திருக்கிறான். ராட்கிளிஃப் மறைந்தபின் 1826-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று அச்சத்தையும் அருவருப்பு கலந்த திகிலையும் வேறுபடுத்துகிறது. முன்னது உள்ளத்தை விரித்து விழிக்கச் செய்வது, பின்னது சுருக்கி உறையச் செய்வது என்பது அவர் கருத்து. தெளிவின்மையே முன்னதற்கு உரம். செவி தரும் செய்தி எப்போதும் சற்றே தெளிவற்றது அன்றோ!

ஜேன் ஆஸ்டின் இதனை நகைச்சுவையாகக் கண்டுகொண்டார். 1817 இறுதியில் வெளிவந்த ‘நார்த்தேங்கர் அபி’ புதினத்தில் ஹென்றி டில்னி தன் தங்கைக்கு ‘உடோல்போ’வை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குகிறான். மறுமொழி எழுத அவள் ஐந்து நிமிடம் அகன்றதும், காத்திராமல் நூலைத் தூக்கிக்கொண்டு தோட்டத்திற்குப் போய்த் தானே படித்து முடிக்கிறான். கேட்பவர் படிப்பவரை நம்பி இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

இந்த நம்பிக்கை விளையாட்டுச் செய்தி அன்று. பார்வையற்ற மாணவர் பலர் பிறர் குரல் வழியே கல்வி பெறுகின்றனர். ஒப்பிலக்கியத் தாளுக்காக இப்புதினத்தைக் கேட்ட மாணவர் ஒருவருக்கு அவருடைய தோழர் கைப்பேசியில் படித்துப் பதிவு செய்து கொடுத்தார். நேரத்தை மிச்சப்படுத்த மலை வருணனைகளையும் இடையிடையே வரும் கவிதைகளையும் விட்டுவிட்டார். “ஐயா, கோட்டைக்குள் வந்துவிட்டார்கள், ஆனால் வந்த வழியே தெரியவில்லையே” என்றார் அம்மாணவர். அவர் சொன்னது திறனாய்வு. அந்நெடும் பயணத்தில் ஒளி குறைந்து இருள் ஏறுவதே கோட்டையின் வாயில். விட்ட பகுதிகளைத் தோழர் மீண்டும் பதிவு செய்து தந்தார். காதால் கேட்பதை அரைகுறைப் படிப்பு என்று எண்ணுவோர், கேட்பவர் எதையெல்லாம் கவனிக்கிறார் என்பதை ஒருமுறை உசாவிப் பார்க்கலாம்.

இன்று தன்னார்வலர் வாசித்த ஒலிப்பதிவுகள் லிப்ரிவாக்ஸ் என்னும் இணையத் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இந்நூலும் அவற்றுள் உண்டு. தேர்ந்த கலைஞர் வாசித்த விலைப் பதிவுகளும் உள. எதைத் தேர்வது? ஒவ்வொரு மாந்தருக்கும் ஒரு குரலை மாற்றி நடிப்பவரை இந்நூலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவருக்குள் ஒலிக்கும் குரலுக்கும் இரவுப் பாடகனுக்கும் வாசிப்பவர் ஒரே தனிக்குரலைக் கொடுத்துவிட்டால் மர்மம் அங்கேயே உடைந்துவிடும். பின்னணி இசை அதனினும் கேடு. நள்ளிரவுப் பாட்டு ஒலிப்பதற்கு முன் அமைதி இருந்தாக வேண்டும். ஒரே சீரான குரலில், சொற்களுக்கு இடம்விட்டு வாசிப்பவரே ஏற்றவர். நூல் ஏறத்தாழ மூன்று இலட்சம் சொற்கள் கொண்டது. நிமிடத்திற்கு 150 சொல் வீதம் வாசித்தாலும் முப்பது மணி நேரத்தைக் கடக்கும். பதிவின் விரைவைக் கூட்டிக் கேட்கும் வழக்கம் இந்நூலுக்குப் பொருந்தாது.

மொத்தம் 57 இயல்கள். இரவுக்கு ஓர் இயல் என்று கொண்டால் இரண்டு திங்களுக்குச் சற்றுக் குறையும். முதல் தொகுதி முழுவதும் பைரனீஸ் பயணமும் தந்தையின் மரணமும் காதலின் தொடக்கமுமே. கேட்பவர் பலர் சலித்து நிறுத்துவது இங்கேதான். 18-ஆம் இரவில் கோட்டை வருகிறது. 19-ஆம் இரவில், யாரும் பேசத் துணியாத கருந்திரையை எமிலி தூக்குகிறாள். பார்த்த அளவில் மயங்கி விழுகிறாள். என்ன கண்டாள் என்று ஆசிரியர் சொல்வதில்லை. கேட்பவர் பிணமென்று எண்ணுவார். முன்னாளில் அக்கோட்டைக்கு உரியவளாய் இருந்து மறைந்துபோன லாரெண்டினியின் உடல் என்றும் துணிவார். 36 இரவுகள் கழித்து, 55-ஆம் இயலில்தான் விடை வருகிறது. அது மெழுகால் செய்த உருவம். அக்குடும்பத்து முன்னோன் ஒருவன் செய்த பிழைக்குக் கழுவாயாக, புழு அரித்த பிணத்தின் வடிவில் அமைத்து, நாள்தோறும் குறித்த நேரம் அதனை நோக்கியிருக்குமாறு சமயத் தலைவர்கள் அவனுக்கு விதித்திருந்தனர். எமிலி இரண்டாம் முறை பார்த்திருந்தால் மெழுகென்று கண்டிருப்பாள். லாரெண்டினியோ ஒரு கன்னிமாடத்தில் உயிரோடு இருந்து, தன் பழங்குற்றத்தைச் சொல்லிவிட்டு இறக்கிறாள். எஞ்சிய இரண்டு இரவுகளுக்குள் எமிலிக்கும் வாலன்கோருக்கும் திருமணம் நடந்தேறி, இருவரும் காஸ்கனிக்குத் திரும்புகின்றனர்.