அடிப்பதும் சுருக்குவதும்

பால்காரரிடம் போய், "ஐயா, ஒரு லிட்டரைப் பதினாறு பங்காக்கி, அதில் எட்டுப் பங்கு பால் ஊற்றுங்கள்" என்று யாராவது கேட்பதுண்டா? அப்படிக் கேட்டால், பால்காரர் பாலை ஊற்றுவதற்கு முன் கேட்டவருடைய முகத்தை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். "அரை லிட்டர்" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பதினாறில் எட்டு என்பதும் பாதி என்பதும் ஒன்றே என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின்னத்தைச் சுருக்குதல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லப்படும் வித்தை இவ்வளவுதான். ஆனால், கடைவீதியில் ஒரு போதும் தவறாத இந்த அறிவு, கணக்கு நோட்டைத் திறந்தவுடன் எங்கேயோ ஓடி ஒளிந்து கொள்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்ற வார்த்தை பல வீடுகளில் முதன் முதலாகக் கேட்பது பின்னக் கணக்கு ஆரம்பமாகும் வகுப்பிலேதான். பெற்றோரும், "எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் கணக்கு வராது" என்று ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆறுதல் குழந்தைக்கு ஆயுள் பரியந்தம் நிலைத்துவிடுகிறது. அவ்வாறு நேராமல் காக்கக் கூடிய வழி மிகவும் எளியது, மிகவும் பழையதுங்கூட.

கோடு கிழிப்பதல்ல

பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணைத் தொகுதி என்றும், கீழே இருக்கும் எண்ணைப் பகுதி என்றும் சொல்கிறார்கள். "மேலும் கீழும் அடி" என்று உபாத்தியாயர் சொல்கிறார். குழந்தையும் அடிக்கிறது. எதை எதனால் அடிக்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரிவதில்லை.

16/64 என்ற பின்னத்தைப் பாருங்கள். ஒரு சிறுவன் மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் கோடு கிழித்து அடித்துவிட்டு, 1/4 என்று விடை எழுதுகிறான். விடை சரிதான்! உண்மையிலேயே 16/64 என்பது கால்தான். ஆனால், அதே சிறுவன் 13/34-இல் இரண்டு 3-ஐயும் அடித்துவிட்டு மறுபடியும் 1/4 என்று எழுதினால், அது முழுத் தப்பு. முதலில் கிடைத்தது வெறும் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டால், அடுத்த தப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தச் சிறுவனுக்கு ஒரு நாளும் விளங்காது.

அடிப்பது என்றால் எழுத்தை அழிப்பதல்ல. மேலெண்ணையும் கீழெண்ணையும் ஒரே எண்ணால் வகுப்பது. ஒரு தட்டில் 12 கடலை மிட்டாய் இருக்கிறது. அதில் 8 ஒரு குழந்தைக்கு என்று வைத்துக்கொள்வோம். அது 8/12 பங்கு. இப்போது மிட்டாய்களை நாலு நாலாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டுங்கள். மொத்தம் 3 பொட்டலம்; குழந்தைக்கு 2 பொட்டலம். அதாவது 2/3 பங்கு. மிட்டாய் ஒன்றுகூடக் குறையவில்லை. எண்ணும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. இனிமேல் 2, 3 ஆகிய இரண்டையும் சேர்த்து வகுக்கும் எண் 1-ஐத் தவிர வேறில்லை. ஆகையால் இதுவே அந்தப் பின்னத்தின் மிகச் சுருங்கிய வடிவம்.

கழித்துக் கொண்டே போனால்

சிறிய எண்களுக்கு இது சரி. 391/527 போன்ற பின்னம் வந்தால் என்ன செய்வது? 2-ஆல் போகவில்லை, 3, 5, 7 எதனாலும் போகவில்லை. 11, 13 என்று முயன்று பார்த்துவிட்டு, "இது சுருங்காது" என்று பென்ஸிலைக் கீழே வைப்பவர்களே அதிகம்.

இங்கே ஊகத்துக்கு அவசியமே இல்லை. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். மிஞ்சியதையும் சிறியதையும் வைத்துக்கொண்டு மறுபடி அப்படியே செய்ய வேண்டும். 527-இல் 391 போனால் 136. 391-இல் 136-ஐ இரண்டு தடவை கழித்தால் 119. 136-இல் 119 போனால் 17. 119-இலிருந்து 17-ஐக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் 17-ம் 17-மாக இரண்டும் சமமாகிவிடுகின்றன. அந்த 17-தான் நாம் தேடிய எண். மீப்பெரு பொதுக் காரணி என்பது அதுவே. இரண்டையும் அதனால் வகுத்தால், 23/31.

இது ஏன் பலிக்கிறது? இரண்டு கயிறுகளையும் ஒரே முழக்கோல் மிச்சமில்லாமல் அளக்குமானால், பெரிய கயிற்றிலிருந்து சிறிய கயிற்றின் நீளத்தை வெட்டி எடுத்த பின் எஞ்சிய துண்டையும் அதே கோல் மிச்சமில்லாமல் அளக்கும். கழிக்கக் கழிக்க எண்கள்தான் சிறியவையாகின்றன. பொதுக் காரணி போய்விடுவதில்லை.

இந்த யுக்தியைக் கண்டவர்கள் ஒரு தேசத்தார் மாத்திரமல்லர். கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் தமது நூலின் ஏழாவது புத்தகத்தில் இதை எழுதி வைத்தார். சீன தேசத்தில் 1980-களில் ஒரு புராதனக் கல்லறையைத் தோண்டியபோது, மூங்கில் பட்டைகளில் எழுதிய கணித நூல் ஒன்று அகப்பட்டது. கல்லறை மூடப்பட்ட காலம் கி.மு. 186-ஐ ஒட்டியது. அந்த நூலில் 162/2016 என்ற பின்னத்தை 9/112 என்று சுருக்கிக் காட்டியிருக்கிறது! நமது ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டில் இயற்றிய நூலில், மாறி மாறி வகுத்துக்கொண்டே போகும் இதே யுக்தியை வேறொரு கணக்குக்கு உபயோகித்தார். பிற்காலத்தார் அம்முறைக்குக் 'குட்டகம்' என்று பெயரிட்டார்கள். இடித்துப் பொடியாக்குதல் என்பது அதன் பொருள். நம்மவர்களும் எண்களை அடிக்கத்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் முறையாக அடித்தார்கள்.

பெயரிலே ஒரு கணக்கு

தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்ட பிள்ளைகள் இன்னொரு வழியில் சென்றார்கள். அவர்களுக்குப் பின்னங்கள் ஒவ்வொன்றும் பெயருள்ள ஆசாமிகள். முந்திரி என்றால் 1/320. காணி என்றால் 1/80. மா என்றால் 1/20. மாவும் காணியும் சேர்ந்தால் 'மாகாணி'. அது எவ்வளவு? ஒரு மாவில் நாலு காணி. அத்துடன் ஒரு காணி. ஆக ஐந்து காணி, அதாவது 5/80. ஐந்தால் அடித்தால் 1/16. மாகாணிக்கு வீசம் என்ற மறு பெயரும் உண்டு. ஒரு சொல்லுக்குள்ளே கூட்டலும் சுருக்கலும் அடங்கியிருக்கின்றன!

இந்த வாய்ப்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. 320 என்பது 64-ஐ 5-ஆல் பெருக்கி வந்த எண். அதில் 3 என்ற காரணி இல்லை. ஆதலால், மூன்றில் ஒன்றை முந்திரிக் கணக்கில் மிச்சமில்லாமல் சொல்ல முடியாது. தஞ்சைப் பக்கத்தில் 20 மா நிலம் ஒரு வேலி. 100 குழி ஒரு மா. ஒரு வேலியை மூன்று பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால், ஆளுக்கு 666 குழியும், மேலே மூன்றில் இரண்டு குழியும் வரும்.

மீதிக் காசு யாருக்கு?

பாகம் பிரிப்பதில் மட்டுமல்ல, பணத்திலும் இந்த வினோதத்தைப் பார்க்கலாம். 1957-ஆம் ஆண்டு வரையில் நமது ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. அதில் 3 என்ற காரணி இருந்ததால், மூன்று பேர் ஒரு ரூபாயைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 5 அணா 4 பை என்று கச்சிதமாக முடிந்தது. ஐந்து பேர் வந்தாலோ முடியாது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. அப்போது ஐந்து பேருக்குத் தீர்ந்தது. மூன்று பேருக்குத் தீரவில்லை. ஓரணா, அதாவது 1/16 ரூபாய், 6¼ நயா பைசாவுக்குச் சமம். கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணாவை 6 நயா பைசா என்றே மாற்றினார்கள். ஓரணா ஓரணாவாக மாற்றிய ஏழைக்குத்தான் அந்தக் கால் பைசாவின் அருமை தெரிந்திருக்கும்.

ஒரு பங்கு பைசா மிச்சமில்லாமல் தீருமா, தீராதா என்று முன் கூட்டியே எப்படி அறிவது? முதலில் பின்னத்தைச் சுருக்க வேண்டும். பிறகு பகுதியைப் பார்க்க வேண்டும். அது 100-ஐ மிச்சமின்றி வகுத்தால் தீரும், இல்லாவிட்டால் தீராது. 21/60 ரூபாய் என்றால், 60-க்குள் 3 இருக்கிறதே என்று பயம் உண்டாகும். 3-ஆல் அடித்துப் பாருங்கள்: 7/20. இருபது நூற்றில் ஐந்து தடவை போகிறது. விடை 35 பைசா. சுருக்காத பின்னம் இல்லாத தொல்லையை இருப்பதாகக் காட்டி மிரட்டுகிறது. சுருக்கிய பின்னம் தன் உண்மைக் குணத்தைச் சொல்லிவிடுகிறது. விடைத்தாளில் 'சுருக்குக' என்று கேட்பது காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக அல்ல.

ஆகவே, வீட்டில் குழந்தை பின்னக் கணக்குப் போடும்போது, விடை சரியா என்று மட்டும் பார்க்காதீர்கள். "எந்த எண்ணால் அடித்தாய், கண்ணே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் கணக்கு வரும். தெரியாவிட்டால், மிட்டாயையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அதுவும் கைவந்த பிறகு, 1001/1309 என்ற பின்னத்தைக் கொடுத்துக் கழித்துக் கொண்டே போகச் சொல்லுங்கள். 13/17 என்ற விடை வந்து நிற்கும்போது, "எனக்குக் கணக்கு வராது" என்று அந்த வீட்டில் யார் சொல்கிறார்கள், பார்ப்போம்!