ஹட்லியின் கோணமானி

கரை மறைந்தபின் கப்பல் நிற்கும் இடத்தை வானமே உணர்த்துதல் வேண்டும். உச்சிவேளையில் ஞாயிறு அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்துள்ளது என அளந்து, அன்றைக்குரிய அட்டவணையையும் நோக்கினால் அகலக்கோடு பெறப்படும். கணக்கு எளிது, அளத்தலே அரிது. ஞாயிற்றையும் அடிவானத்தையும் ஒரே கணத்தில் நோக்கல் வேண்டும். கண்ணோ ஒரு திசையையே நோக்கவல்லது. கப்பலின் தளமும் ஆடுகின்றது. ஒரு பாகை பிழைத்தால் அறுபது கடல்மைல் பிழைக்கும்.

இவ்விடரைத் தீர்த்தது, ஆங்கிலேயரான யோன் ஹட்லி 1731 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் விளக்கிய ஒக்ரன்ற் என்னும் கருவியாகும். பிலடெல்பியாவிற் கண்ணாடி பதிக்குந் தொழிலினரான தோமஸ் கொட்பிரியும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தாமாக இதனைக் கண்டார். இவ்விருவர்க்கும் முன்னரே நியூற்றன் இத்தகையதொன்றை வகுத்திருந்தமை, 1742 இல் ஹலி இறந்தபின் அவருடைய தாள்களிடையே கிடைத்த குறிப்பால் வெளிப்பட்டது. தாள்களிடையே உறங்கிய அறிவால் எந்தக் கப்பலும் பயன்பெறவில்லை.

விசிறி வடிவான மரச்சட்டமே இதன் உடல். பிற்காலத்தில் இதற்குப் பெரிதும் விரும்பப்பட்டது கருங்காலி. நம் நாட்டு வறள்வலயக் காடுகளிலும் வளரும் மரவகை அது. சட்டத்தின் உச்சியிற் பூட்டிய பித்தளைக் கை, கீழே தந்தத்திற் பொறித்த அளவுகோட்டின்மேல் நகரும். கையின் உச்சியில் ஒரு கண்ணாடி; சட்டத்தில் அசையாத இன்னொரு சிறு கண்ணாடி. சிறியதன் ஒரு பாதி இரசம் பூசாதது. அப்பாதியினூடாக அடிவானம் நேரே தெரியும். மறுபாதியில் இருமுறை தெறித்த ஞாயிற்றின் விம்பம் தெரியும். விம்பத்தின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும்வரை கையை நகர்த்தி அளவை வாசிப்பர். கண்ணைக் காக்க நிறக்கண்ணாடிகளும் உண்டு.

இக்கருவியின் வில் வட்டத்தின் எட்டிலொரு பங்கு, 45 பாகையே. ஆயினும் அதில் 90 பாகை பொறிக்கப்பட்டிருக்கும். இது ஏமாற்றன்று. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் படுகோணமும் தெறிகோணமும் ஒவ்வொரு பாகை மாறும். ஆகவே தெறிகதிர் இரண்டு பாகை திரும்பும். இதனாலேயே மாலுமிகள் இதனைக் கால்வட்டமானி என்றே அழைத்து வந்தனர்.

இதனினும் வியத்தற்குரியது பிறிதொன்று. இரு கண்ணாடிகளும் ஒரே சட்டத்தில் இருப்பதால், கை நடுங்கினாலும் கப்பல் உருண்டாலும் அடிவானமும் விம்பமும் ஒருங்கே அசையும். தொட்டது தொட்டபடியே நிற்கும்.

நெடுங்கோடு காணச் சந்திரனுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளக்கவேண்டி வந்தபோது 90 பாகை போதவில்லை. 1757 அளவில் வட்டத்தின் ஆறிலொரு பங்கான செக்ஸ்ரன்ற் தோன்றியது. எனினும், விலை குறைந்த இம்மரக்கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் வணிகக் கப்பல்களில் அகலக்கோடு காணப் பயன்பட்டு வந்தது.